அக்கா உள்ளவன் வெளியே போ

அகனேசி ஆசிரியை ஆனது இரண்டே இரண்டு வாரத்துக்கு. இதைச் சொன்னால் ஒலிவேட்டி பள்ளியில் எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள், ஆனால் உண்மை அதுதான். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, பத்தொன்பது வயதில், அப்பாவின் சேம்புத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவளை அன்றைய தலைமையாசிரியர் வரப்பில் நின்று கூப்பிட்டார். அறிவியல் ஆசிரியர் பருவத்தின் நடுவில் ஆக்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டாராம்.

"ரெண்டே வாரம்மா. வேற ஆள் வர்ற வரைக்கும் பிள்ளைங்க கத்தாம பாத்துக்க, போதும்" என்றார்.

நகக்கண்ணில் மண்ணோடு வகுப்புக்குள் போனாள். இருபத்து நான்கு வருடம் ஆகிவிட்டது. வேறு ஆள் இன்னும் வந்த பாடில்லை.

எங்கிருந்து வருவான்? ஒலிவேட்டியில் நன்றாகப் படித்தவன் ஆக்லாந்து போவான், சுமாராகப் படித்தவன் சிட்னி போவான், படிப்பே ஏறாதவன் ஆப்பிள் பறிக்கப் போவான். தொங்காவின் மேற்குக் கோடியில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தச் சபைப் பள்ளியில் மிச்சம் இருந்தது பன்றிகளும் பாதிரியாரும் அகனேசியும்தான். ஆய்வகம் என்று ஒன்று இல்லை. ஒரு நுண்ணோக்கி இருந்தது. அதில் எதை வைத்துப் பார்த்தாலும் மேகம்தான் தெரியும். அதற்காக அவள் சும்மா இருந்துவிடவில்லை. ஊரில் எந்த விருந்துக்குப் பன்றி அறுத்தாலும் அதன் இதயம் டீச்சருக்கு என்று ஆக்கிவிட்டாள். சாவு வீடானாலும் சரி, யாராவது ஒருவர் வாழையிலையில் பொதிந்து எடுத்துவந்து, "இந்தாங்க டீச்சர், நாலு அறையும் பத்திரமா இருக்கு" என்று நீட்டுவார். ஊரில் பாதிப் பேருக்கு இதயத்தில் எத்தனை அறை என்று தெரிந்தது அவளால்தான்.

அந்த ஊரில் இருந்துகொண்டு மனித உடலைப் பற்றிப் பாடம் நடத்துவது இருக்கிறதே, அது ஒரு தனி வித்தை. இதயம், நுரையீரல் எல்லாம் சரி. பத்தாவதில் இனப்பெருக்கம் என்று ஒரு பாடம் வரும். ஊரே ஒருவருக்கொருவர் உறவு. வகுப்பில் இருபத்தெட்டுப் பேர் இருந்தால் அதில் அண்ணன் தங்கை, அக்கா தம்பி முறை இல்லாத ஜோடியே கிடையாது. அக்காவும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் அந்தப் பேச்சைக் கேட்கலாமா? கேட்டால் இரண்டு பேரும் ஒரு வாரம் பள்ளிக்கே வரமாட்டார்கள். முதல் வருடம் அகனேசி ஒரு நோட்டை எடுத்து, யாருக்கு யார் என்ன முறை என்று மூன்று நாள் விசாரித்து, உறவு மோதாதபடி வகுப்பை இரண்டாகப் பிரித்தாள். பிரித்து முடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் அத்தனையும் பையன்கள், ஒரு பக்கம் அத்தனையும் பெண்கள். இதற்கா மூன்று நாள் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வருடத்திலிருந்து நோட்டு இல்லை. கரும்பலகை முன் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். "இந்த அறையில அக்கா தங்கச்சி உள்ளவன் எந்திரிச்சு வெளியே போ." பையன்கள் கூட்டமாக எழுந்து சீமைப்பலா மரத்தடிக்குப் போய்விடுவார்கள். பெண்களுக்கு முடிந்தபின் அவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பையன்களை உள்ளே அழைப்பாள். அவளுக்கே தம்பி முறையாகிற பையன் யாராவது இருந்தால் அவனுக்கு அந்தப் பாடத்தைத் தச்சு வாத்தியார் பட்டறையில் சொல்லிக்கொடுப்பார். எப்படிச் சொல்லிக்கொடுத்தாரோ, அதை யாரும் கேட்டதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதுச் சட்டம் வந்தது. ஆசிரியர் சான்றிதழ் இல்லாதவர்கள் மூன்றாவது வருட டிசம்பருக்குப் பிறகு வகுப்பில் நிற்கக்கூடாது. தனியார் பள்ளி, சபைப் பள்ளி என்று யாருக்கும் விலக்கில்லை. சட்டத்தில் தப்பில்லை, சொல்லப்போனால் நல்ல சட்டம். ஆனால் இத்தனை வருடம் நின்ற இடத்தில் நிற்கத் தகுதி உண்டா என்று கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அகனேசி எரிச்சலை விழுங்கிக்கொண்டு அஞ்சல்வழிப் படிப்பில் சேர்ந்தாள். விடிகாலையில் பன்றிகளுக்குத் தீனி வைக்கும் முன் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவாள். 'குழந்தை மனத்தைப் புரிந்துகொள்வது எப்படி' என்று பத்துப் பக்கம் எழுதினாள், ஆறு பிள்ளை பெற்றவள். இரண்டு வருடத்தில் எல்லாத் தாளும் தேறிவிட்டாள். மிச்சம் ஒன்றே ஒன்று. அவள் பாடம் நடத்துவதை அறிவியல் தெரிந்த ஒரு மதிப்பீட்டாளர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அது நடக்காவிட்டால் டிசம்பரில் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துப் பெண்கள் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். விடுதிப் பொறுப்பு கேவலம் இல்லை. ஆனால் அவளுக்கு அழுகையாக வந்தது.

மதிப்பீட்டாளர் எங்கே கிடைப்பார் என்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் பள்ளியின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழா வந்தது. விழா என்றால் ஆக்லாந்துப் பழைய மாணவர் சங்கம் வரும். சங்கம் வந்தால் டிராம்போன் வரும். அது எழுதப்படாத விதி. அறுபதாம் ஆண்டுக்கு ஆறு, அறுபத்தைந்துக்கு ஐந்து, எழுபதுக்கு எட்டு என்று பள்ளி பாண்டு வாத்தியக் குழுவுக்கு டிராம்போனாக வந்து குவிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அகனேசி, 'ஒரு நுண்ணோக்கி அனுப்புங்கள்' என்று கடிதம் எழுதுவாள். ஒவ்வொரு தடவையும் பெட்டியைப் பிரித்தால் பித்தளைதான் பளபளக்கும். "வெங்காயத் தோலை இதுல வச்சுப் பாக்கவா?" என்று ஒரு தடவை டிராம்போன் வாயில் கண்ணை வைத்துக்கொண்டு சபை முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

இந்தத் தடவை சங்கத்துக்கு யாரோ புத்தி சொல்லியிருக்கவேண்டும். டிராம்போன் வரவில்லை, ஏழு ஆசிரியர்கள் வந்தார்கள். ஏழு பேரும் ஒலிவேட்டியில் படித்து ஆக்லாந்துப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள். ஒரு வாரம் தங்கி, பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடங்களையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. தலைவி டெலேசியா. அறுபத்திரண்டு வயது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, சிரித்தால் நாற்காலியும் சேர்ந்து குலுங்கும். அறிவியலுக்கு வந்தவன் ஒருவன்தான். அவன் பெயர் கெலேபி.

பள்ளி வாசலில் வேனிலிருந்து அவன் இறங்கியதைப் பார்த்ததும் அகனேசி தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். அவளுடைய தாய்மாமன் மகன். பதின்மூன்று வயதில் ஆக்லாந்து போனவன், இப்போது முப்பத்தெட்டு.

நம் பக்கம் மாமன் மகன் என்றால் ஊரே கண்ணடித்துச் சிரிக்கும். தொங்காவில் மாமன் மகன் கூடப்பிறந்த தம்பி, அவ்வளவுதான், மறுபேச்சில்லை. பத்து வயது தாண்டினால் அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து படம்கூடப் பார்க்கமாட்டார்கள். அவள் காதுபட எவனாவது கொச்சையாக ஒரு சொல் சொன்னால் தம்பிக்காரன் எழுந்து போய்விடவேண்டும். அதிலும் அகனேசியின் அம்மா கெலேபியின் அப்பாவுக்கு அக்கா. அப்பாவுடைய அக்கா மகள் என்றால் அந்த வீட்டுக்கே அவள்தான் மேல். ஃபஹு என்பார்கள். அந்த வீட்டுக் கல்யாணமோ சாவோ, தலைமாட்டில் விரித்த பாயில் ஃபஹு உட்காருவாள். இருப்பதிலேயே நல்ல பாய் அவளுக்குத்தான். வேண்டியதை வாய்விட்டுக் கேட்டு எடுத்துக்கொள்வாள், இல்லை என்று சொல்ல எவனுக்கும் வாய் கிடையாது.

இரண்டு வருடம் முன்பு கெலேபியின் அப்பா ஆக்லாந்தில் இறந்துபோனார். அகனேசி போகவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டோடு ஒரு கடிதமும் இல்லை, ஒரு போனும் இல்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்று அவள் இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து கெலேபி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்காவைத் தம்பி நேருக்கு நேர் பார்ப்பது வழக்கமும் இல்லை. அதனால் அவன் பார்க்காமல் இருப்பது மரியாதையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பயிற்சி என்னமோ கலகலப்பாகத்தான் போனது. டெலேசியா எல்லாருக்கும் மஞ்சள் சீட்டு ஒன்றைக் கொடுத்து, "உங்க கிட்ட இருக்கிற நல்ல திறமை மூணு எழுதுங்க" என்றார். தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள அந்த ஊரில் யாருக்கு வரும்? பதினாறு சீட்டும் வெள்ளையாகத் திரும்பி வந்தன. டெலேசியா விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவிங்களா, நானும் இப்படித்தானே இருந்தேன், மறந்தே போச்சு! சரி, பக்கத்துல இருக்கிறவரோட திறமையை எழுதுங்க" என்றதும் சீட்டுப் போதவில்லை. அகனேசியைப் பற்றி அவள் தோழி லேசியேலி, 'பன்றி அறுப்பதில் வல்லவள்' என்று எழுதியிருந்தாள்.

புதன்கிழமை ஆசிரியர் அறைச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அகனேசி, பத்தாம் வகுப்பு, வெள்ளி பத்து மணி. மதிப்பீட்டாளர் கெலேபி. பாடம், மனித இனப்பெருக்கம்.

லேசியேலி உரக்கப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "கர்த்தாவே! ஏண்டி, தம்பியை முன்னால உக்கார வச்சுக்கிட்டா இதைச் சொல்லப்போறே?"

"வாயை மூடு."

"நான் மூடுறேன். நீ எப்படித் திறக்கப்போறே?"

அகனேசி நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். இப்போதைய தலைமையாசிரியரான பாதிரியார் இசிலேலி நல்ல மனிதர், ஆனால் முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டால் வேதப் புத்தகத்தைக் கண்டதுபோல் பயப்படுவார்.

"ஐயா, வெள்ளிக்கிழமை பாடத்தை மாத்திக்கிறேன். ஒளிச்சேர்க்கை நடத்துறேன். இலை, சூரியன், யாருக்கும் சங்கடமில்லை."

"பருவத் திட்டம் நுக்கு அலோஃபா தலைமை ஆபீஸுக்குப் போய் முத்திரை வாங்கி வந்தாச்சேம்மா. ஆறாவது வாரம் இதுதான்னு அதுல இருக்கு. மாத்தினா செல்லாதுன்னுடுவாங்க."

"சரி, ஆளை மாத்துங்க."

"ஏன்? உறவுக்காரர்னா மாத்தலாம், விதியிலயே இருக்கு." பாதிரியார் ஒரு படிவத்தைத் தேடி எடுத்தார். "ஆனா பாரு, இவரு 'இல்லை'ன்னு எழுதியிருக்காரே. நீயும் கீழே கையெழுத்துப் போடணும், அதை மறந்துட்டேன், இந்தா."

ஆங்கிலப் படிவம். 'மதிப்பிடப்படுபவர் உங்கள் சகோதரரா, சகோதரியா, பெற்றோரா, துணைவரா?' என்று கேட்டிருந்தது. எதிரே கட்டத்தில் கெலேபியின் கையெழுத்தில், அழுத்தமாக, 'இல்லை'. அதன் கீழே, 'மேற்கண்டது உண்மை என ஒப்புக்கொள்கிறேன்' என்று அவளுக்கு ஒரு கோடு.

 அகனேசிக்கு இனப்பெருக்கப் பாடம் எல்லாம் மறந்துபோனது. அக்கா இல்லை என்று அவன் எழுதிவிட்டான். அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

மறுநாள் மதியம் சேம்பிலைப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு லேசியேலி புத்தி சொன்னாள். "கையெழுத்தைப் போட்டுத் தொலை. இங்கிலீஷ்ல பாத்தா அது பொய்யே இல்லை. அவங்களுக்கு மாமன் மகன் வேற, தம்பி வேற."

"இங்கிலீஷ்ல பாத்தா எனக்குக் கூடப்பிறந்தவனே கிடையாது. எங்கம்மாவுக்கு நான் ஒத்தைப் பிள்ளை. எட்டு மாமன் மகனையும் ஒரே பேனாவுல அடிச்சிட்டு என்னை அநாதையாக்கச் சொல்றியா?"

"சான்றிதழ் வேணுமா வேண்டாமா?"

"வேணும்டீ."

"அப்ப போடு."

"அவன் தெரியாம எழுதியிருந்தா போட்டுருவேன். அவன் தெரிஞ்சு எழுதியிருக்கான், லேசியேலி. கோபத்துல எழுதியிருக்கான். அதுக்குக் கீழே நான் எப்படி ஆமான்னு போடுவேன்?" அகனேசி சாப்பிடாமலே எழுந்தாள். படிவத்தை நாலாக மடித்து இடுப்பில் கட்டியிருந்த கியேகியே பின்னலுக்குள் செருகிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலைவரை அது அங்கேயே குத்திக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவள் வகுப்பில் நுழைந்தபோது கெலேபி கடைசி பெஞ்சில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தான். ஊர் வழக்கப்படி வேட்டிக்கு மேல் இடுப்பில் பாய் கட்டி, கழுத்துப் பட்டையும் போட்டு, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தான். முகம் மட்டும் அட்டைக்குள் புதைந்திருந்தது. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். அந்த ஊரில் எதுதான் தெரியாது? இருபத்தெட்டுப் பேரும் மூச்சுவிடாமல் டீச்சரைப் பார்த்தார்கள்.

அகனேசி சுண்ணக்கட்டியை எடுத்தாள்.  ஒரு வழி இருந்தது. பையன்களை மட்டும் அனுப்பிவிட்டு, கடைசி பெஞ்சில் எவனோ ஆக்லாந்துக்காரன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நடத்திவிடலாம். எழுதிக் கொடுத்தவனே அவன்தானே. சான்றிதழும் கிடைக்கும். நினைத்துப் பார்த்தாள், நாக்கு வரவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, இருபத்து மூன்று வருடமாகச் சொல்லிவந்ததையே சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

"இந்த அறையில அக்கா தங்கச்சி உள்ளவன் எந்திரிச்சு வெளியே போ."

பெஞ்சுகள் சரசரத்தன. பையன்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவள் திரும்பவில்லை. காலடிகள் ஓய்ந்தன.  போகமாட்டான், இல்லை என்று எழுதினவன் எதற்குப் போகிறான் என்று அவள் தேதியை எழுதத் தொடங்கினாள். அப்போது பின்னால் கடைசி பெஞ்சு கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் மெதுவாக வாசலைத் தாண்டிப் போனது.

திரும்பிப் பார்த்தாள். பெஞ்சின்மேல் அட்டையும் பேனாவும் இருந்தன. முன்வரிசைப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அழுகை? நோட்டை எடு" என்று அதட்டினாள் அகனேசி. பார்க்க ஆளில்லாத அந்தப் பாடத்தை முப்பத்தைந்து நிமிடம் நடத்தினாள். அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு நன்றாக நடத்தியதில்லை என்று அந்தப் பெண்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இடைவேளை மணி அடித்ததும் டெலேசியா கையில் எண்ணெய்ப் பலகாரத் தட்டோடு தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தார். அகனேசிக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். கெலேபி வந்தான், நாற்காலியில் உட்காராமல் கீழ்ப்படியில் உட்கார்ந்தான்.

"என்னப்பா, பாத்தியா? எத்தனை மார்க்?" என்றார் டெலேசியா.

"பாக்கலைம்மா. நான் வெளியே போயிட்டேன்."

"ஏன், வயிறு சரியில்லையா?"

"அக்கா தங்கச்சி உள்ளவன் வெளியே போன்னு சொன்னாங்க. போயிட்டேன்."

டெலேசியாவின் கையில் எடுத்த பலகாரம் பாதி வழியில் நின்றது. "யாரு அக்கா? இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கே?"

அகனேசி இடுப்பிலிருந்து படிவத்தை உருவிப் பிரித்து மடியில் வைத்தாள். வியர்வையில் நைந்து போயிருந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்காமல் அவன் தலைக்கு மேலே தெரிந்த சீமைப்பலா மரத்தைப் பார்த்துக் கேட்டாள். "இங்கிலீஷ் கணக்குல எழுதினியா, இல்ல மனசாரவே எழுதினியா? அதை மட்டும் சொல்லு."

அவன் படியில் இருந்த எறும்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். "மனசாரத்தான்."

"ம்."

"அப்பா சாவுக்கு நீங்க வரலை. தலைமாட்டுல பாய் விரிச்சு ரெண்டு நாள் காலியாக் கெடந்துச்சு. வர்றவங்க எல்லாம், எங்கே உங்க ஃபஹு, எங்கேன்னு கேட்டாங்க. அம்மாவுக்குப் பதில் சொல்ல வாயில்லை. வேற யாரையும் அதுல உக்கார விடலை நான். அந்தக் கட்டத்தைப் பாத்தப்ப அந்தப் பாய்தான் கண்ணுல நின்னுச்சு. எழுதிட்டேன்."

அகனேசிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொங்கின. "வரலைதான்! பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்துச்சு. வகுப்புல முப்பத்தோரு பிள்ளைங்க. என் இடத்துல நிக்க ஒரு ஆள் காட்டு, ஒரே ஒரு ஆள்! நீங்க எல்லாரும் போயிட்டீங்க. படிச்சதும் போயிட்டீங்க. விழாவுக்கு விழா பாசமாத்தான் இருந்தீங்க, இல்லைங்கலை, டிராம்போன் அனுப்பினீங்க. பத்து நாளைக்கு எனக்குப் பதிலா நிக்க ஒரு வாத்தியாரை அனுப்பினீங்களா? எங்க மாமாவைப் புதைக்கிறப்ப நான் இங்கே அமிலம் காரம் நடத்திக்கிட்டு இருந்தேன்டா. கரும்பலகையைப் பாத்துக்கிட்டே அழுதேன். பிள்ளைங்க பாக்கலை."

 ஒரு பன்றிக்குட்டி தாழ்வாரத்தில் ஏறித் தட்டை மோந்து பார்த்தது. டெலேசியா அதை விரட்டவும் மறந்துவிட்டார்.

கெலேபி எழுந்து, குனிந்தபடியே வந்து அவள் மடியிலிருந்த படிவத்தை எடுத்தான். படியில் வைத்து, 'இல்லை' என்பதை இரண்டு கோடு போட்டு அடித்தான். பக்கத்தில் எழுதினான், ஆங்கிலத்தில் இல்லை, தொங்கா மொழியில். 'என் அக்கா.' எழுதி டெலேசியாவிடம் நீட்டினான்.

"இப்ப இது செல்லாது, தெரியுமில்ல?" என்றார் டெலேசியா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பொய்யா எழுதிக் கொடுத்தேன்னு உன் பேரையும் குழுவுலேருந்து எடுக்கணும். சங்கத்துல கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும்மா."

"இவளுக்கு யாரு போடுவா கையெழுத்து? நாளைக்கு நமக்கு விமானம்."

 அகனேசி, போகட்டும் என்பதுபோல் எழுந்தாள். "மணி அடிக்கப்போகுது. பையன்களுக்குப் பாடம் இருக்கு, நான் போறேன்."

"நில்லு. என்ன சொன்னே?" டெலேசியா நிமிர்ந்தார். "இன்னும் பாதிப் பாடம் இருக்கா? அதே பாடமா?"

"அதேதான். பையன்களுக்கு."

"நான் வேலைக்குச் சேர்ந்தப்ப என்ன வாத்தியார்னு நினைச்சே? வீட்டு அறிவியல்! பதினோரு வருஷம் நடத்தியிருக்கேன். அறிவியல்ங்கிற சொல் இருக்கா இல்லையா அதுல?" நாற்காலி குலுங்க எழுந்தார். "வாயைத் திறந்து கேட்டிருந்தா புதன்கிழமையே என் பேரைப் போட்டிருப்பேனேடி. கல்லு மாதிரி ரெண்டு பேரும் உக்காந்திருந்தீங்க. ஏய் கெலேபி, நீ அந்தாண்டை போ. ஜன்னல் பக்கம் நிக்காதே, எல்லாம் கேக்கும்."

மதிப்பீட்டு அட்டையை மடியில் வைத்துக்கொண்டு டெலேசியா கடைசி பெஞ்சை நிறைத்து உட்கார்ந்தார். பையன்கள் உள்ளே வந்தார்கள். பெண்கள் மரத்தடிக்குப் போனார்கள். அகனேசி கரும்பலகையைத் துடைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

வெளியே 'பொ...ம்' என்று ஒரு சத்தம் எழுந்தது.

கெலேபி பாண்டு அறையிலிருந்து டிராம்போன் ஒன்றை எடுத்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்குப் போயிருந்தான். வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, சபையில் பாடும் கீர்த்தனை ஒன்றை முழு மூச்சில் ஊதினான். இருபத்தைந்து வருடமாக வாயில் வைக்காத வாத்தியம். பன்றிகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடின. அக்கா பேசும் ஒரு சொல்கூடத் தன் காதில் விழக்கூடாது என்று ஊதுகிறான் என்பது வகுப்பில் எல்லாருக்கும் புரிந்தது. ஒரு பையன்கூடச் சிரிக்கவில்லை. அகனேசி குரலை உயர்த்திக்கொண்டு நடத்தினாள். கேள்வி கேட்டாள், பதில் வாங்கினாள், கூச்சப்பட்டவனைக் கேலி செய்து பேசவைத்தாள். 

பாடம் முடிந்து பையன்கள் சாப்பாட்டுக்கு ஓடியபின் டெலேசியா தன் தீர்ப்பைப் படித்தார். "தேர்ச்சி. மேம்படுத்த வேண்டியது மூணு சொல்லணும்னு விதி. ஒண்ணு, நுண்ணோக்கி இல்லை, அது சங்கத்தோட குறை, நான் போய்ச் சண்டை போடுறேன். ரெண்டு, மாத்து ஆசிரியர் இல்லை. வருஷத்துக்கு ஒரு மாசம் எங்கள்ல ஒருத்தர் வந்து நிக்கணும், அதையும் எழுதிட்டேன், முதல் வருஷம் யாருன்னு எனக்குத் தெரியும். மூணாவது, வகுப்புக்கு வெளியே கடுமையான சத்தம்." கையெழுத்தைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தார். "அந்தப் பையன் இன்னுமா ஊதுறான்? போய் நிறுத்துடி, செத்துகித்து வைக்கப்போறான்."

முதுகைக் காட்டி நின்றவனுக்குப் பாடம் முடிந்தது எப்படித் தெரியும்? அதே கீர்த்தனையை ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ ஊதிக்கொண்டிருந்தான். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. அகனேசி மைதானத்தைக் கடந்துபோய் அவனுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். அந்தச் சரணம் முடியும்வரை காத்திருந்தாள். கடைசி சுரம் பிசகியது.

"பாடம் முடிஞ்சு கால் மணி ஆச்சு" என்றாள்.

திடுக்கிட்டுத் திரும்பினான். உதடு வீங்கியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "பாஸா?" என்றான்.

"பாஸ்."

 நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது எல்லாம் அக்கா தம்பிக்கு நடுவில் எங்கே உண்டு? அகனேசி கியேகியேயைச் சரிசெய்துகொண்டாள். கடலைப் பார்த்தாள். இரண்டு வருடமாகக் கேட்க வாய் வராததை, அந்த வீட்டின் ஃபஹு எப்படிக் கேட்பாளோ அப்படியே அதட்டிக் கேட்டாள்.

"என் பாய் எங்கடா?"

கெலேபியின் முகம் கோணியது. "பெட்டியிலதான்க்கா இருக்கு. வந்த அன்னியிலேருந்து இருக்கு. சாவன்னிக்கு விரிச்ச அதே பாய். நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு..."

"கேட்டுட்டேன்ல? போய் எடுத்துட்டு வா."

டிராம்போனைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், அதைக் கையில் பிடித்துக்கொண்டே அவன் விருந்தினர் விடுதியை நோக்கி ஓடினான்.